காணாமல் போன கோயில் திருமேனியை மீட்பது எப்படி? மதுரைப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் மதுரைச் சீமைக்குள் படையோடு வந்தார். மதுரைக்குக் கிழக்கே கோயில்குடியில் கோயில் கதவை எரித்து உள்ளே புகுந்த சிப்பாய்கள், கைக்குக் கிடைத்த செப்புத் திருமேனிகளை மூட்டை கட்டிக்கொண்டார்கள். பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரமும் நடந்தது. பேரம் படியவில்லை. அந்த மே மாதக் கடைசியில் படை திருச்சிக்குத் திரும்பியபோது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்தார்கள். பொதிகளுக்கு நடுவே விக்கிரகங்களைக் கண்டதும் “சாமி, சாமி” என்று கூவிக்கொண்டே தூக்கிப் போனார்கள். கம்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கும் செய்தி இது. மேலூர்ப் பக்கத்தில் இதைத் திருமோகூர்க் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். ஹெரான் பிற்பாடு சென்னையில் ராணுவ விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார்.

போரில் போன கலைச்செல்வம் அதே ஆண்டிலேயே ஊர் திரும்பியது உலகத்தில் அபூர்வம். இன்றைக்கு நமக்கு அந்தக் கணவாய் கிடையாது. திருமேனி கடல் கடந்து ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் நிற்கிறது. அதைக் கேட்டு வாங்கக் காகிதம்தான் வேண்டும். அந்தக் காகிதத்தில் பெரும்பகுதி டெல்லியில் கிடைக்காது, நம் ஊரில்தான் கிடைக்கும். அறங்காவலர், தக்கார், பூசாரி, ஊர்ப் பெரியவர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள் எல்லாரையும் மனதில் வைத்து எழுதியது இது.

எந்தக் காலத்தில் போனது?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். போன ஆண்டைப் பொறுத்துத்தான் வழி மாறும்.

1976 ஏப்ரலுக்குப் பிறகு போயிருந்தால் நம் பக்கம் பலமாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், திருமேனி, ஓவியம் எதையும் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சுவடிகளுக்கு 75 ஆண்டு. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்ததும் 1977-இல்தான்.

1947-க்கும் 1976-க்கும் இடையில் போயிருந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். 1947-இலேயே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் தொல்பொருளை வெளியே கொண்டுபோனது அப்போதும் குற்றம்தான். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் இருக்காது.

1947-க்கு முன்னால், போரிலோ கம்பெனி, வெள்ளைக்கார ஆட்சியிலோ போயிருந்தால் சட்டம் கிட்டத்தட்டக் கைவிட்டுவிடும். அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மண்ணுக்குள்ளேயே இருந்தால்

போர்க்காலத்தில் போன சாமி எல்லாமே கொள்ளை போனதாக நினைக்க வேண்டியதில்லை. 1311-இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்தபோதும், அதற்குப் பிந்தைய படையெடுப்புகளிலும் பல ஊர்களில் திருமேனிகளைப் புதைத்தோ சுவருக்குள் வைத்தோ மறைத்தார்கள். 1323-இல் ஸ்ரீரங்கம் தாக்கப்பட்டபோது அந்தக் கோயில் உற்சவரான அழகிய மணவாளரைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாச்சாரியார் வந்து சேர்ந்த ஜோதிஷ்குடி, நம் யானைமலை அடிவாரத்துக் கொடிக்குளம்தான் என்பது வைணவ மரபு. அவர் அங்கேயே பரமபதித்தார். பெருமாள் அழகர் கோயில், மலையாள நாடு, திருமலை என்று சுற்றி 1371-இல்தான் அரங்கம் திரும்பினார். கொடிக்குளம், திருமோகூர், அழகர் கோயில் மூன்றையும் ஒரே காலையில் பைக்கில் பார்த்துவிடலாம். சாமியை ஒளித்த கதையும் மீட்ட கதையும் இத்தனை நெருக்கமாக வேறு எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் திருப்பணிக்கு அஸ்திவார வானம் தோண்டும்போது உலோகச் சத்தம் கேட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, பால் அபிஷேகமும் அப்புறம்தான். மண்ணோடு இருக்கும் நிலையில் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் மூலமாக வட்டாட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய் என்ற வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

சாட்சி சேர்ப்பது

நீதிமன்றத்திலோ அருங்காட்சியகத்திலோ “இது எங்கள் சாமி” என்று சொன்னால் மட்டும் போதாது. “இந்த ஒரே திருமேனிதான், வேறு எதுவும் இல்லை” என்று காட்ட வேண்டும். பஞ்சலோகத்தில் ஒன்றைப்போல் ஒன்று செய்வது ஸ்தபதிகளின் மரபு என்றாலும், மெழுகு வார்ப்பில் ஒவ்வொரு அச்சும் ஒருமுறைதான் பயன்படும். வார்த்ததும் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு திருமேனிக்கும் அதற்கே உரிய தழும்பு உண்டு. அந்தத் தழும்பைத்தான் தேட வேண்டும்.

பழைய படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தமிழகக் கோயில்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. வெளிநாட்டிலிருந்து திரும்பிய தமிழகத் திருமேனிகளில் பலவற்றை மீட்டுக் கொடுத்தது இந்தப் படங்கள்தான். 1978-இல் அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலில் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதை மூவரும் 2020-இல் லண்டனில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டதற்கு அங்கிருந்த 1958-ஆம் ஆண்டுப் படம் காரணம். உங்கள் ஊர், வட்டம், கோயில் பெயர், பழைய பெயர் எல்லாம் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். ஊர்ப் பெயர் மாறியிருந்தால் அந்தக் காலத்து மாவட்டத்தையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல், தேனி எல்லாம் அன்றைக்கு மதுரை மாவட்டம்தானே.

அங்கே கிடைக்காவிட்டால் ஊருக்குள் தேடுங்கள். குடமுழுக்கு மலர், மண்டகப்படிக்காரர்கள் வீட்டில் மாட்டியிருக்கும் சாமி படம், கோயிலில் நடந்த கல்யாண ஆல்பம், ஊர்க்கடை போட்ட காலண்டர் எல்லாவற்றையும் பாருங்கள். கல்யாண ஆல்பத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் உற்சவர் பாதி தெரிந்தாலும், எடுத்த ஆண்டு உறுதியாகத் தெரியும். நீதிமன்றத்தில் அந்த ஆண்டுதான் பேசும்.

அடுத்தது பதிவேடு. அறநிலையத் துறைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் திருமேனியின் பெயர், உயரம், எடை இருக்கும். சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். சில பதிவேடுகளில் “அம்மன் 1” என்று மட்டும் எழுதி முடித்திருப்பார்கள். அப்படியிருந்தால் பழைய சாவி ஒப்படைப்புக் குறிப்பு, நகைச் சரிபார்ப்பு அறிக்கை, தணிக்கைக் குறிப்பு என்று கிளைக் காகிதங்களைப் பிடிக்க வேண்டும்.

இன்னும் பத்திரமாக இருக்கும் திருமேனிகளையும் இதே சாக்கில் படமெடுத்துவிடுங்கள். திருட்டு நடந்த பிறகு வருத்தப்படுவதைவிட இது எளிது. பட்டரிடமோ குருக்களிடமோ முன்கூட்டியே பேசி, திருமஞ்சனம் முடிந்து வஸ்திரம் சாற்றுவதற்கு முன்னால் கிடைக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மாலையும் பட்டும் சாற்றிய படம் பூஜை அறைக்கு நன்றாக இருக்கும், வழக்குக்கு உதவாது. முன்பக்கம், முதுகு, இரு பக்கவாட்டு, பீடத்தின் நான்கு புறம், அடிப்பகுதி என்று எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் நிற்கட்டும். பீடத்தில் கழி கட்ட விட்டிருக்கும் வளையம் எத்தனை, துளை வட்டமா சதுரமா, திருமேனியைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியில் எத்தனை தீச்சுடர், எது உடைந்தது, எந்த விரலில் ஒட்டு, முதுகில் எங்கே வார்ப்புக் குழி, நூற்றாண்டுக்கணக்கான அபிஷேகத்தில் மூக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிவையுங்கள். பீடத்தில் எழுத்து இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் தனியாக ஒரு படம். தாயார் இருவரில் மார்புக் கச்சை உள்ளவர் ஸ்ரீதேவி, இல்லாதவர் பூதேவி. இதைக்கூட மாற்றி எழுதிய பதிவேடுகள் உண்டு. அப்படி ஒரு பிழை எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பொங்கல் பரிசு.

எடை போடவும் மறக்காதீர்கள். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் பழுதுபார்க்கக் கொடுத்த நடராஜருக்குப் பதிலாகப் போலி ஒன்று திரும்பி வந்தது. ஊர் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது அசல் அமெரிக்காவில் ஒரு பெரிய சேகரிப்பாளர் கையில் இருந்தது. வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1980-களில்தான் திரும்பியது.

படங்களின் நகலைக் கோயிலில் ஒன்று, துறை அலுவலகத்தில் ஒன்று, ஊரில் பொறுப்பான ஒருவரிடம் ஒன்று என்று வையுங்கள். இணையத்தில் எடையோடும் அறை விவரத்தோடும் போட்டுவிடாதீர்கள். அது திருடனுக்கு வழிகாட்டி.

புகார்

புகார் இல்லாமல் எதுவும் நகராது. 2024 ஜூலைக்குப் பிறகு நடந்த திருட்டு என்றால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில் கோயில் திருமேனித் திருட்டு தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை. முதல் தகவல் அறிக்கையில் “சாமி சிலை ஒன்று” என்று எழுத விடாதீர்கள். மேலே சொன்ன அடையாளங்கள் முழுவதும் அதில் ஏற வேண்டும், படமும் இணைப்பாக இருக்க வேண்டும். இந்த ஒரு தாளைத்தான் நாளைக்கு வெளிநாட்டுக்காரர் மொழிபெயர்த்துப் படிப்பார்.

பழைய திருட்டு என்றால் அந்தக் காலத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தேடுங்கள். “துப்பு துலங்கவில்லை” என்று மூடியிருப்பார்கள். மூடிய வழக்கு செத்த வழக்கு ஆகாது. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருடுபோய், வழக்கும் அப்படித்தான் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்து, வழக்கு மறுபடி திறக்கப்பட்டு, 2019-இல் சாமி தாமிரபரணிக் கரைக்குத் திரும்பினார். தமிழகக் காவல் துறையில் 1983 முதல் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு இயங்குகிறது. மேல் விசாரணை கேட்டு அங்கே மனுக் கொடுங்கள். பதில் வராமல் இழுத்தடித்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒத்தக்கடைப் பக்கம்தானே நீதிமன்றம், ரயில் செலவுகூடக் கிடையாது.

அந்த நாளில் புகாரே கொடுக்கவில்லை என்றால்? பல ஊர்களில் இதுதான் நிலை. “ஊர்ப் பெயர் கெட்டுவிடும்” என்று மூடி மறைத்திருப்பார்கள். இப்போதாவது கொடுங்கள், தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். புகார் இல்லாத திருமேனி இந்தியாவுக்குத் திரும்பினாலும் எந்த ஊர் என்று தெரியாமல் அரசுக் காப்பறையில் நிற்க நேரிடும்.

தேடுவது

அருங்காட்சியக இணையதளங்கள், ஏல நிறுவனப் பட்டியல்கள் இரண்டும் முக்கியம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நியூயார்க்கில் ஆசியக் கலைப்பொருள் ஏலங்கள் குவியும், அப்போது கவனமாகப் பாருங்கள். எல்லாரும் “சோழர்” என்றே தேடுகிறார்கள். நம் பக்கத்துத் திருமேனிகளில் பல பாண்டியர், விஜயநகர, நாயக்கர் காலத்தவை. அந்தப் பெயர்களிலும் தேடுங்கள். விற்பவர் பெயரையும் தவறாகப் போட்டிருப்பார், சோமாஸ்கந்தரில் இருந்து பிரித்த அம்மனை வெறும் “பார்வதி” என்று.

படத்துக்குக் கீழே கைமாறிய வரலாறு எழுதியிருக்கும். “1970-க்கு முன் ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு” என்ற ஒரே வரி, பெயர் இல்லை, பில் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் இருந்து திருடப்பட்ட நடராஜரை, பழைய தேதியிட்ட போலித் தாள்களை நம்பி ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பிக் கொடுத்தது. விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் ஜெர்மனியில் பிடிபட்டு, 2022-இல் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டுத் தண்டனை பெற்றார்.

உங்கள் சாமியைப் பார்த்துவிட்டால் உணர்ச்சிவசப்பட்டு விற்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், முகநூலிலும் போடாதீர்கள். பொருள் ஒரே இரவில் காணாமல் போகும். பக்கத்தைத் தேதியோடு சேமித்து, படங்களைப் பெரிய அளவில் இறக்கி, நேராகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இன்டர்போல் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை அவர்களின் இலவச ஐடி-ஆர்ட் செயலியில் பார்க்கலாம். புதிதாகச் சேர்ப்பது சி.பி.ஐ. வழியாகத்தான்.

கேட்பது யார்?

ஊர்க்காரர் நேராக அருங்காட்சியகத்துக்கு எழுதலாம், தடையில்லை. எடுபடுவது அரசின் கோரிக்கைதான். வழக்கமான பாதை இது: கோயில், அறநிலையத் துறை, காவல் பிரிவு, மாநில அரசு, அப்புறம் இந்தியத் தொல்லியல் துறையும் வெளியுறவு அமைச்சகமும், கடைசியாக அந்நாட்டுத் தூதரகம். விசாரணைக்கு உதவி வேண்டுமென்றால் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தப்படி கேட்பார்கள். அமெரிக்காவோடு 2024 ஜூலையில் கலைப்பொருள் பாதுகாப்புக்கென்றே தனி ஒப்பந்தம் கையெழுத்தானது. நியூயார்க்கில் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் தொல்பொருள் கடத்தலுக்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. பொருள் அவர்கள் எல்லைக்குள் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

வெளிநாட்டு நீதிமன்றத்தில் கோயிலே வாதியாக நிற்க முடியுமா? முடியும். 1976-இல் பத்தூரில் மண்ணில் கிடைத்த நடராஜரைக் கண்டெடுத்தவர் விற்றுவிட, அது லண்டன் போய் ஒரு கனடா நிறுவனத்தின் கைக்கு வந்தது. இடிந்து கிடந்த கோயிலுக்கும் சட்டப்படி உரிமை கேட்கும் தகுதி உண்டு என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஏற்றது. திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் அங்கே சாட்சி சொன்னது. மண்ணைத் தேய்த்துக் கழுவாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

எதிர்த்தரப்பு மூன்று வாதங்கள் வைக்கும்: நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கினோம், காலாவதியாகிவிட்டது, இதுதான் உங்களுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை. முதல் இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். மூன்றாவதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் பல, படம் தெளிவாகப் பொருந்தினால் வழக்கு வரை போக விரும்புவதில்லை. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வாரைத் திருப்பித் தர 2024-இல் சம்மதித்தது. கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள்கோயில் என்ற ஊரின் கோயிலில் அவர் இருப்பதை 1957-ஆம் ஆண்டுப் படம் காட்டிவிட்டது.

போர்க் கொள்ளை என்றால்

யுனெஸ்கோ உடன்படிக்கை முன்தேதியிட்டுச் செல்லாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கையை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. சேகரிப்பில் இருப்பதைப் பெரும்பாலும் கொடுக்க முடியாது. அப்படியும் உலகம் அசையத் தொடங்கியிருக்கிறது. நாஜிக்கள் பறித்த ஓவியங்களுக்காக 1998-இல் வாஷிங்டன் கோட்பாடுகள் வந்தன. காலாவதி என்ற தொழில்நுட்பக் காரணத்தைப் பின்னுக்குத் தள்ளி, நியாயமான தீர்வு காணுங்கள் என்பது அதன் சாரம். சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் பல குடும்பங்களுக்குப் பொருள் திரும்பியது. இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசில் 1897-இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்த பெனின் வெண்கலங்களின் உரிமையை 2022-இல் ஜெர்மனி நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. வெள்ளைக்கார ஆட்சியில் உத்தரப் பிரதேசத்துப் பிப்ரவாவில் புத்தரின் அஸ்தியோடு தோண்டியெடுத்து, 2025-இல் ஹாங்காங் ஏலத்துக்கு வந்த மணிகள், இந்திய அரசு நோட்டீஸ் விட்டதால் ஏலத்தில் இருந்து இறங்கி, இந்தியத் தொழில் நிறுவனம் ஒன்று வாங்கி நாடு திரும்பின.

கடைசியாகச் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நம் பொருளை நாமே விலை கொடுத்து வாங்குவது ஹெரான் பேசிய பேரத்துக்கு இணங்குவது மாதிரிதான். ஆனால் ஏலத்தில் தனியார் கைக்குப் போய்விட்டால் அப்புறம் கண்ணிலேயே படாது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

போர்க் கொள்ளைக்கான கோரிக்கையில் படம் இருக்காது. அதனால் படை போன பாதை, அதிகாரிகளின் நாட்குறிப்பு, கம்பெனிக் கடிதங்கள், பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டும் கொடுத்தவர் பெயரும் என்று கோக்க வேண்டும். கொடுத்தவர் மதுரைச் சீமையில் பணியாற்றியவரின் வாரிசு என்றால் நூல் கிடைத்துவிட்டது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துப் பதிவுகள் இருக்கின்றன. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போனால் நல்லது.

திரும்பி வந்த பிறகு

விமானத்தில் இறங்கிய சாமி நேராக ஊருக்கு வரமாட்டார். அவர் வழக்குச் சொத்து. நீதிமன்றத்தில் காட்டப்பட்டு, பெரும்பாலும் திருவாரூர் போன்ற உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்குப் போவார். அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருந்துவிட வாய்ப்பு அதிகம். ஊருக்கு வேண்டுமென்றால் இடைக்கால ஒப்படைப்புக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கேட்கும்போது அழைத்தால் கொண்டுவருவோம் என்ற உறுதிமொழியும், கம்பிக் கதவு, அபாய ஒலிப்பான், கேமரா, இரவுக் காவலர் உள்ள அறையின் படமும் சேருங்கள். அறை தயாராக இல்லாமல் போகும் ஊருக்கு நீதிபதி கொடுக்கமாட்டார், கொடுக்கவும் கூடாது. பணவசதி இல்லாத சிறு கோயில் என்றால், மையத்திலேயே வைத்துத் திருவிழாவுக்குக் காவலோடு எழுந்தருளப் பண்ணிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. பல ஊர்களுக்கு இப்போதைக்கு அதுவே புத்திசாலித்தனம் என்பேன்.

ஊருக்கு வந்தால் ஆகம முறைப்படி ஜலாதிவாசம் (தண்ணீரில் வைப்பது), தானியாதிவாசம் (தானியத்தில் வைப்பது), சம்ப்ரோட்சணம் (புனித நீர் தெளித்துச் சுத்தி செய்வது) எல்லாம் ஆச்சாரியர் சொல்வார். அந்தச் சடங்கு தொடங்கும் முன் மறுபடி எடை போட்டு, எல்லாப் பக்கமும் படமெடுத்து, வெளிநாட்டில் ஏற்பட்ட புதிய கீறல், அருங்காட்சியகம் பீடத்தில் எழுதிய எண், தாங்கிக்காகப் போட்ட துளை ஆகியவற்றை 29-ஆம் பிரிவுப் பதிவேட்டில் வழக்கு எண்ணோடு ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.